ஊர்த் தகவல் மையங்களும் பேரிடர் எச்சரிக்கையும்

ஊர்த் தகவல் மையம் என்பது, ஒரு கிராமத்துக்கு அன்றாடம் தேவைப்படும் செய்திகளைக் கணினி, தொலைபேசி, வானொலிக் கருவி, ஒலிபெருக்கி ஆகியவற்றின் வழியாகப் பெற்று ஊராருக்குச் சொல்லும் பொது இடம் ஆகும். அதை நடத்துபவர்களும் அந்த ஊர்க்காரர்களே. தமிழ் வழங்கும் பகுதிகளில் இத்தகைய மையங்களுக்கு முன்னோடியாக அமைந்தது, எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 இல் புதுச்சேரியில் தொடங்கிய தகவல் கிராமத் திட்டம். மீன் பிடிக்கும் நேரம், நெல் விலை, அரசுத் திட்டம் போன்ற அன்றாடத் தேவைகளுக்காகவே இது அமைக்கப்பட்டது. ஆனால் 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, நல்லவாடு என்ற மீனவ ஊரில் ஏறக்குறைய 3,600 பேர் உயிர் தப்ப இந்தத் திட்டத்தின் ஒலிபெருக்கி உதவியது.

அவசர காலத்தில் ஒரு தொழில்நுட்பம் பயன்படுமா என்பது, அது சாதாரண நாளில் எந்த அளவுக்கு ஊரின் பழக்கமாகியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. நல்லவாட்டு நிகழ்வும், அதற்குப் பின் தமிழகத்தில் ஏற்பட்ட வெள்ளங்களும் புயல்களும் இதைப் புரிந்துகொள்ள உதவுகின்றன.

தொடக்கம்

புதிய தகவல் தொழில்நுட்பம் ஏழைக் குடும்பங்களைச் சென்றடைய வழி என்ன என்ற கேள்வியோடு, 1992 இல் சென்னையில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு கலந்துரையாடலை நடத்தியது. தகவல் கிராமத் திட்டத்தின் வேர் அங்கே இருக்கிறது. கனடா நாட்டின் பன்னாட்டு வளர்ச்சி ஆய்வு மையத்தின் நிதியுதவியுடன் 1998 இல் புதுச்சேரியில் பணி தொடங்கியது. புதுச்சேரி நகருக்கு மேற்கே உள்ள வில்லியனூர் தலைமை நிலையமாக இருந்தது. எம்பலம், கீழூர், வீராம்பட்டினம், நல்லவாடு முதலிய ஊர்களில் மையங்கள் அமைந்தன.

அன்றைய சூழல் இன்றிலிருந்து வெகுவாக வேறுபட்டது. கைபேசி கிராமங்களை எட்டியிருக்கவில்லை. இணையம் தொலைபேசிக் கம்பி வழியாகவே வந்தது. கம்பி இருந்த ஊர்களிலும் அது அடிக்கடி பழுதாகும். மின்வெட்டு வழக்கமான ஒன்று. எனவே திட்டக்குழு பல கருவிகளை ஒன்றாக இணைத்தது. வில்லியனூரில் தொலைபேசி வழியாக இணையத்திலிருந்து செய்தி பெறப்பட்டது. அங்கிருந்து ஊர்களுக்கு இருவழி வானொலிக் கருவிகள் மூலம் குரலும் தரவும் அனுப்பப்பட்டன. மின்சாரம் இல்லாத நேரத்துக்குச் சூரிய ஒளித் தகடுகளும் மின்கலங்களும் வைக்கப்பட்டன. ஊரில் ஒரு வழி அடைபட்டாலும் இன்னொரு வழி திறந்திருக்க வேண்டும் என்பதே இந்த அமைப்பின் அடிப்படை.

ஊரின் பங்கு

கருவிகளைக் கொண்டுவந்து வைப்பதோடு வேலை முடிந்துவிடாது என்பதைத் திட்டக்குழு தொடக்கத்திலேயே கருத்தில் கொண்டது. முதலில் ஊர்களில் ஆய்வு நடத்தி, மக்கள் எந்தச் செய்தியை யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள் என்று பார்க்கப்பட்டது. கடைக்காரர், வியாபாரி, அக்கம்பக்கத்தார் ஆகியோரே பெரும்பாலும் செய்தி தருபவர்களாக இருந்தனர். அந்தப் பழக்கத்துக்கு ஏற்றவாறு மையத்தின் பணிகள் வகுக்கப்பட்டன.

மையத்துக்கான இடத்தை ஊரே தர வேண்டும். அந்த இடம் பொது இடமாகவும், சாதி வேறுபாடின்றி எல்லோரும் வந்து போகக் கூடியதாகவும் இருக்க வேண்டும். மையத்தை நடத்தும் தன்னார்வலர்களை ஊரே தேர்ந்தெடுக்கும். இவர்களில் பலர் பெண்கள். அதிகம் படிக்காத பெண்களும் தமிழில் தட்டச்சு செய்யவும் கணினியை இயக்கவும் கற்றுக்கொண்டனர். செய்திகள் எல்லாம் தமிழில் தரப்பட்டன. தானிய விலை, இடுபொருள் விலை, மருத்துவமனை விவரம், பேருந்து நேரம், நலத்திட்டங்களின் தகுதி விதிகள் ஆகியவை மையங்களில் கிடைத்தன. 'நம்ம ஊரு செய்தி' என்ற செய்தி இதழும் வெளியிடப்பட்டது. இத்திட்டம் 2001 இல் ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருதைப் பெற்றது.

கடல் அலைச் செய்தி

கடலோர ஊர்களின் தேவை வயல்வெளி ஊர்களின் தேவையிலிருந்து வேறுபட்டது. கட்டுமரத்திலும் சிறு படகிலும் கடலுக்குப் போகும் மீனவருக்கு, மறுநாள் அலை எவ்வளவு உயரம் இருக்கும், காற்று எந்தத் திசையில் வீசும் என்பவை உயிரோடு தொடர்புடைய கேள்விகள். வங்காள விரிகுடாவில் அடுத்த 24 மணி நேரத்துக்கான அலை உயரத்தையும் காற்றுத் திசையையும் காட்டும் வரைபடங்களை அமெரிக்கக் கடற்படை தன் இணையதளத்தில் இலவசமாக வெளியிட்டுவந்தது. வில்லியனூரில் இருந்தவர்கள் அதை நாள்தோறும் பதிவிறக்கி, தமிழில் சொல்லி, குரல் பதிவாக வீராம்பட்டினத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஒலிபெருக்கி வழியாக அது கடற்கரை முழுவதும் கேட்டது.

படிக்கத் தெரியாதவரும் வலை பின்னிக்கொண்டே அதைக் கேட்கலாம். கணினியின் முன் வந்து உட்கார வேண்டிய தேவை இல்லை. ஒவ்வொரு நாளும் சொல்லப்பட்டதை மறுநாள் கடலே சரிபார்த்துக் காட்டியது. பல மாதங்கள் இப்படிக் கேட்ட பிறகு, அந்த ஒலிபெருக்கியில் வரும் சொல்லுக்கு ஊரில் மதிப்பு உண்டானது. ஆழிப்பேரலை வந்த நாளில் பயன்பட்டது இந்த மதிப்புதான்.

2004 டிசம்பர் 26

அன்று ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரப்படி காலை 6.29 மணி அளவில் சுமத்திராவின் வடமேற்குக் கரைக்கு அப்பால் 9.1 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டது. அலைகள் தமிழகக் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. இந்த இடைவெளியில் மக்களைக் கரையிலிருந்து அகற்றியிருக்க முடியும். ஆனால் அன்று இந்தியப் பெருங்கடலில் ஆழிப்பேரலை எச்சரிக்கை அமைப்பு ஏதும் இல்லை. அந்தமான் நிக்கோபார் தீவுகள் தாக்கப்பட்ட செய்தி நிலப்பகுதிக்கு வந்த பிறகும், அது கரையோர ஊர்களுக்குப் போய்ச் சேரவில்லை. நிலநடுக்கம் பற்றிய ஒரு தொலைநகல், பதவியில் இல்லாத முன்னாள் அமைச்சர் ஒருவரின் முகவரிக்குப் போனதாக அப்போது நாளிதழ்கள் எழுதின. தமிழ்நாட்டில் ஏறக்குறைய 8,000 பேர் இறந்தனர். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

நல்லவாட்டுக்கு எச்சரிக்கை வேறு வழியில் வந்தது. சிங்கப்பூரில் வேலை செய்துவந்த அவ்வூர்க்காரர் ஒருவர், சுமத்திராவில் நிலநடுக்கமும் பேரலையும் ஏற்பட்ட செய்தியை அங்கே அறிந்து, தன் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். அதற்குள் வீட்டருகே கடல்நீர் ஏறத் தொடங்கியிருந்தது. எல்லோரும் உடனே ஊரை விட்டு வெளியேற வேண்டும் என்று அவர் சொன்னார். அந்தச் செய்தியைக் கேட்டவர்கள் தகவல் மையத்துக்கு ஓடினார்கள். மையம் பூட்டியிருந்தது. கதவை உடைத்து உள்ளே போய், ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஊர் காலியானது. ஏறக்குறைய 150 வீடுகளும் 200 படகுகளும் சேதமடைந்தன. ஊர்மக்கள் உயிர் தப்பினர்.

எச்சரிக்கை எவ்வாறு பலித்தது

இந்த நிகழ்வு உலகம் முழுவதும் எடுத்துக்காட்டாகப் பேசப்பட்டது. கணினியும் இணையமும் ஒரு ஊரைக் காப்பாற்றின என்று சில இடங்களில் சுருக்கமாகச் சொல்லப்படுவதுண்டு. நடந்ததைக் கூர்ந்து பார்த்தால் அன்று காலையில் இணையத்துக்குப் பங்கு ஏதும் இருக்கவில்லை. எச்சரிக்கை ஒரு குடும்பத் தொலைபேசி அழைப்பில் வந்தது. அதை ஊர் முழுவதற்கும் பரப்பியது ஒரு சாதாரண ஒலிபெருக்கி.

இதில் நான்கு கூறுகள் சேர்ந்திருந்தன. முதலாவது, வெளியில் நடப்பதை அறிந்து சொல்ல ஒருவர் இருந்தார். வெளிநாட்டில் வேலை செய்யும் ஊர்க்காரர்கள் கடலோர ஊர்களுக்குப் பணம் மட்டும் அனுப்புவதில்லை, செய்தியும் அனுப்புகிறார்கள். இரண்டாவது, ஒரு வீட்டுக்கு வந்த செய்தியை ஊருக்கே கேட்கச் செய்யும் கருவி ஊருக்குள் இருந்தது. வீடு வீடாக ஓடிச் சொல்லியிருந்தால் நேரம் போதாது. மூன்றாவது, அந்தக் கருவி எங்கே இருக்கிறது, எப்படி இயக்குவது என்பது ஊரில் பலருக்கும் தெரிந்திருந்தது. நான்காவது, அதில் வரும் அறிவிப்பைக் கேட்டால் எழுந்து போகும் பழக்கமும் நம்பிக்கையும் இருந்தன.

பூட்டிய கதவையும் கவனிக்க வேண்டும். கதவு உடைக்கும்படியாக இருந்ததும், உடைக்கலாம் என்று யாரும் தயங்காததும் அந்த ஊரின் நல்வாய்ப்பு. மையம் ஊருடையது என்ற எண்ணம் இல்லாவிட்டால், அரசு அலுவலகக் கதவை உடைக்கத் தயங்குவது போல இங்கும் தயங்கியிருக்கக் கூடும். சாவி யாரிடம் இருக்கிறது, அவர் இல்லாவிட்டால் அடுத்து யார் என்ற கேள்வி எந்த எச்சரிக்கைத் திட்டத்திலும் முதல் பக்கத்தில் இருக்க வேண்டியது.

திண்டுக்கல் சமவெளியில்

ஆழிப்பேரலைக்கு இரண்டு மாதங்களுக்கு முன், 2004 அக்டோபர் 18 அன்று, இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமும் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் இணைந்து ஏற்படுத்திய கிராம வள மையங்களைப் பிரதமர் மன்மோகன் சிங் தொடங்கிவைத்தார். தஞ்சாவூர் மாவட்டத்தில் திருவையாறு, இராமநாதபுரம் மாவட்டத்தில் தங்கச்சிமடம், திண்டுக்கல் மாவட்டத்தில் செம்பட்டி ஆகிய மூன்று ஊர்களில் அவை அமைந்தன. செம்பட்டி, திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு செல்லும் வழியில் உள்ள சிற்றூர். செயற்கைக்கோள் இணைப்பு வழியாக உழவர்கள் வேளாண் வல்லுநர்களுடனும், நோயாளிகள் தொலைவில் இருக்கும் மருத்துவர்களுடனும் நேருக்கு நேர் பேச இந்த மையங்கள் வழிசெய்தன.

கடல் இல்லாத மாவட்டத்தில் அவசரம் வேறு வடிவங்களில் வருகிறது. சாலை விபத்து, பாம்புக்கடி, பிரசவ நேரம், மலைச்சாலையில் மண்சரிவு, ஆற்றில் திடீர் வெள்ளம் ஆகியவை இங்கே அதிகம். இவற்றில் பலவற்றுக்கு இன்று மக்கள் முதலில் நினைப்பது 108 என்ற எண். தமிழ்நாட்டில் இந்த இலவச அவசர ஊர்திச் சேவை 2008 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. மூன்று இலக்க எண், கட்டணம் இல்லை, எந்தத் தொலைபேசியிலிருந்தும் அழைக்கலாம் என்ற எளிமையே அது வேரூன்றக் காரணம். ஆனாலும் அழைப்பவர் இடத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும். தோட்டத்து வீடுகளும் கிளைப்பாதைகளும் நிறைந்த சமவெளியில், ஊர்தி வரும் வழியில் ஒருவர் நின்று கைகாட்டுவது இன்றும் சேவையின் ஒரு பகுதியாகவே இருக்கிறது.

நகர்ப்பகுதிகளில் ஊர் ஒலிபெருக்கியின் இடத்தை வழிபாட்டிடங்கள் பெற்றிருக்கின்றன. திண்டுக்கல் நகரில் ஹைதர் அலி காலத்தோடு தொடர்புடைய பெரிய பள்ளிவாசல் அமைந்துள்ள பேகம்பூர் போன்ற பகுதிகளில், தொழுகை அழைப்புக்குப் பயன்படும் ஒலிபெருக்கியிலேயே இறப்புச் செய்தியும் பொது அறிவிப்பும் சொல்லப்படுவது தமிழக முஸ்லிம் ஊர்களின் பொது வழக்கம். கோயில் ஒலிபெருக்கிக்கும் தேவாலய மணிக்கும் இதே பயன் உண்டு. நல்லவாட்டில் தகவல் மையம் பெற்றிருந்த நான்கு தகுதிகளில், ஊர் முழுக்கக் கேட்பது, இயக்கத் தெரிந்தவர் இருப்பது, கேட்பவர் நம்புவது ஆகிய மூன்றும் இவற்றுக்கு ஏற்கனவே இருக்கின்றன. வெளியிலிருந்து சரியான செய்தி உரிய நேரத்தில் இங்கே வந்து சேரும் ஏற்பாடுதான் குறைவாக இருக்கிறது.

ஆழிப்பேரலைக்குப் பின்

2007 அக்டோபர் 15 முதல் ஐதராபாத்தில் இந்திய ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் இயங்கிவருகிறது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது சில நிமிடங்களில் அறிவிப்பு வெளியானது. சென்னை உட்படக் கரையோரப் பகுதிகளில் மக்கள் வெளியேறினர். பெரிய அலை எழவில்லை. 2004 இல் இல்லாத மேல்மட்ட அமைப்பு அப்போது இருந்தது.

அதே காலத்தில் ஊர் மட்டத்திலும் மாற்றங்கள் வந்தன. நாகப்பட்டினம் மாவட்டம் விழுந்தமாவடியில் தானம் அறக்கட்டளை தொடங்கிய களஞ்சியம் சமுதாய வானொலி, பேரிடர் தயார்நிலையைத் தன் முக்கியப் பணியாகக் கொண்டது. பாம்பனில் 2016 இல் மீனவர்களுக்காகக் கடல் ஓசை வானொலி தொடங்கியது. பாட்டும் பேட்டியும் கேட்கத் திருப்பிவைக்கும் வானொலியிலேயே காற்றும் அலையும் பற்றிய செய்தியும் வரும். எச்சரிக்கையை அன்றாட நிகழ்ச்சிக்குள் வைப்பது என்ற வீராம்பட்டினத்து முறையே இது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அலை உயரச் செய்தியை மீனவர் கைபேசிக்கும் கொண்டுசென்றது.

எட்டாத இடங்கள்

அடுத்து வந்த மூன்று பேரிடர்கள் மூன்று விதமான குறைகளைக் காட்டின.

2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் சென்னையில் பெருவெள்ளம். தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. தன்னார்வலர்கள் இணையத்தில் உதவி கேட்போரின் பட்டியலையும், தங்குமிடம் தருவோரின் பட்டியலையும் உருவாக்கினார்கள். திறந்தமூல நிலப்படத்தின் மேல் மக்களே தண்ணீர் நிற்கும் தெருக்களைக் குறிக்கும் வசதியை அருண் கணேஷ் என்ற நிலப்பட வல்லுநர் ஏற்படுத்தினார். 2,500க்கும் மேற்பட்ட தெருக்கள் அதில் குறிக்கப்பட்டன. ஆனால் அதே வழியில் பொய்யும் பரவியது. முதலைகள் தப்பித்துவிட்டன என்றும், நாசா மாபெரும் மழையை முன்னறிவித்திருக்கிறது என்றும் வதந்திகள் சுற்றின. மீட்கப்பட்டுவிட்டவரின் பெயரில் உதவி கேட்கும் பழைய செய்திகள் மறுபடி மறுபடி பகிரப்பட்டன. செய்தியை யார், எப்போது சரிபார்த்தார் என்ற குறிப்பு இல்லாவிட்டால், வேகமே தடையாகிவிடும்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் கன்னியாகுமரிக்கு அருகே உருவானது. பல நாள் தங்கல் தொழிலுக்குப் போன மீனவர்கள் அதற்கு முன்பே ஆழ்கடலில் இருந்தார்கள். கைபேசியும் படகு வானொலியும் எட்டாத தொலைவு அது. கரையில் எச்சரிக்கை வெளியானாலும் அவர்களுக்குத் தெரிய வழியில்லை. இதன் பின் 2019 இல் அறிமுகமான ஜெமினி என்ற கருவி, செயற்கைக்கோள் வழியாக ஆழ்கடல் படகுகளுக்கு எச்சரிக்கையைச் சேர்த்தது. அதில் செய்தியைப் பெறலாம், திரும்ப அனுப்ப முடியாது. உதவி கேட்ட படகுக்குக் கரையிலிருந்து பதிலும் போய்ச் சேரும் வகையிலான புதிய அபாய அறிவிப்புக் கருவியை இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் பின்னர் உருவாக்கியது. தன் குரல் யாருக்காவது கேட்டதா என்பது கடலில் இருப்பவருக்கு முக்கியமான செய்தி.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. முன்னறிவிப்பு சரியாக இருந்தது. சுமார் 82,000 பேர் முன்கூட்டியே முகாம்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். சிக்கல் புயலுக்குப் பிறகு வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. மின்சாரம் போனதும் கைபேசிக் கோபுரங்களும் ஓய்ந்தன. எந்த ஊருக்கு என்ன தேவை என்று சொல்லவே பல இடங்களில் வழியில்லை. வலுவிழந்த புயல் திண்டுக்கல் மாவட்டத்தையும் கடந்து போனது. கொடைக்கானல் மலையில் மரங்கள் விழுந்து சாலைகள் அடைபட்டன. புயல் என்பது கடலோரத்துக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் அன்று உள்மாவட்டங்களில் மாறியது.

கைபேசி எச்சரிக்கை

ஒரு பகுதியில் உள்ள எல்லாக் கைபேசிகளுக்கும் ஒரே நேரத்தில் உரத்த ஒலியுடன் எச்சரிக்கை அனுப்பும் முறை இந்தியாவில் சோதிக்கப்பட்டது. 2023 அக்டோபரில் தமிழ்நாட்டில் இந்தச் சோதனை நடந்தது. ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனியாகக் குறுஞ்செய்தி அனுப்புவது போலன்றி, கோபுரத்திலிருந்து ஒலிபரப்பாக இது செல்வதால் நெரிசலில் சிக்காது. நல்லவாட்டு ஒலிபெருக்கி செய்த வேலையை மாநிலம் முழுவதும் செய்யக்கூடிய வசதி இது.

ஆனால் கோபுரம் ஓய்ந்தால் இதுவும் ஓய்ந்துவிடும். சார்ஜ் இல்லாத கைபேசி, கைபேசி வைத்திராத முதியவர், எழுத்தை வாசிக்க முடியாதவர், வயலில் இருப்பவர் ஆகியோரை இது எட்டாது. ஒலி எழுந்ததும் என்ன செய்வது என்று பழகியிராதவர், அதை விளம்பரம் என்று நினைத்து அணைத்துவிடவும் கூடும். எனவே ஊர் மட்டத்தில் இன்னொரு குரல் தேவைப்படுகிறது.

ஊர்கள் செய்துகொள்ளக் கூடியவை

மேற்கண்ட நிகழ்வுகளிலிருந்து, பெரிய செலவில்லாமல் எந்த ஊரும் செய்துகொள்ளக் கூடிய ஏற்பாடுகள் சில உண்டு.

1. ஊரில் உள்ள ஒலிபெருக்கிகளைப் பட்டியலிடுதல். ஊராட்சி, கோயில், பள்ளிவாசல், தேவாலயம், பள்ளிக்கூடம் ஆகியவற்றில் எதன் ஒலி எந்தத் தெரு வரை கேட்கும் என்று நடந்து பார்த்துக் குறித்தல்.

2. சாவி குறைந்தது மூன்று பேரிடம் இருத்தல். அவர்களில் ஒருவராவது எப்போதும் ஊரில் இருப்பவராக இருத்தல்.

3. மின்சாரம் இல்லாதபோதும் இயங்கும் மின்கலமும், கையில் எடுத்துச் செல்லும் சிறு ஒலிபெருக்கியும் வைத்திருத்தல்.

4. மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்ற எண்ணையும் 108 ஐயும் எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதிவைத்தல்.

5. வாட்ஸ்அப் குழுவில் எச்சரிக்கை பகிரும்போது நாள், நேரம், யார் சொன்னது ஆகிய மூன்றையும் சேர்த்தே பகிர்தல்.

6. தனியே இருக்கும் முதியவர், நடக்க இயலாதவர், காது கேளாதவர் வீடுகளுக்கு நேரில் போய்ச் சொல்ல இன்னார் என்று முன்கூட்டியே முடிவுசெய்தல்.

7. இந்த வழிகளைச் சாதாரண நாள்களில் பயன்படுத்துதல். தண்ணீர் வரும் நேரம், தடுப்பூசி முகாம், மழை முன்னறிவிப்பு போன்றவற்றை அதே ஒலிபெருக்கியில் சொல்லிவந்தால் கருவி பழுதானதும் உடனே தெரியும். குரலும் பழகியதாகும்.

இவற்றுள் கடைசியாக உள்ளதே மற்றவற்றுக்கு அடிப்படை. ஆண்டுக்கு ஒருமுறை ஒத்திகைக்காக எடுக்கப்படும் கருவியின் மின்கலம் தேவையான நாளில் செத்திருப்பது வழக்கம். நாள்தோறும் அலை உயரம் சொன்ன ஒலிபெருக்கி, 2004 டிசம்பர் 26 காலையிலும் வேலை செய்தது.